மீளாத இசையும் மீளும் தட்டும்: இன்கஸ் பதிவகத்தை முன்வைத்து

நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றின் வடிவம் நோக்கிச் சுத்தி, பட்டடை, அங்கவடி என உடற்கூற்றியலார் பெயரிட்டுள்ளனர். இடையிலுள்ள பட்டடை எலும்பின் இலத்தீன் பெயர் இன்கஸ். செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி எலும்பிடமிருந்து வாங்கி அங்கவடி எலும்பிடம் ஒப்படைப்பது அதன் தொழில். தனக்கென அது எதையும் இருத்திக்கொள்வதில்லை. 1970ஆம் ஆண்டு லண்டனில் கிதார் கலைஞர் டெரெக் பெய்லி, சாக்சபோன் கலைஞர் இவான் பார்க்கர், தாளக்கருவிக் கலைஞர் டோனி ஆக்ஸ்லி ஆகிய மூவரும், பணம் தந்து உதவிய மைக்கேல் வால்டர்ஸும் இணைந்து ஒரு சிறிய இசைத்தட்டுப் பதிவகத்தைத் தொடங்கியபோது அதற்கு இவ்வெலும்பின் பெயரையே இட்டனர். இசைக்கலைஞர் தாமே உரிமையாளராக நின்று நடத்திய பதிவகங்களுள் பிரித்தானியாவில் முதலாவது என்று இன்கஸ் பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

இப்பதிவகம் வெளியிட்ட இசை எத்தகையது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முன்னர் எழுதி வைக்கப்படாமலும், ஒத்திகை பார்க்கப்படாமலும், இராகம் தாளம் போன்ற பொது உடன்பாடு எதனையும் அடிப்படையாகக் கொள்ளாமலும், வாசிக்கும் அக்கணத்திலேயே உருவாகி அக்கணத்தோடு முடியும் இசை அது. ஆங்கிலத்தில் ஃப்ரீ இம்ப்ரவைசேஷன் என வழங்கும் இதனைக் கட்டற்ற உடனியற்றிசை என இக்கட்டுரையில் குறிக்கலாம். மீண்டும் நிகழக் கூடாது என்பதே இவ்விசையின் அறம். இசைத்தட்டோ மீண்டும் மீண்டும் ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அவ்வாறாயின், இவ்விசைக்கென ஒரு பதிவகம் எதற்கு?

தமிழாய்வாளருக்கு இவ்வினா முற்றிலும் அயலானதன்று. பாட்டியலார் வகுத்த நால்வகைக் கவிகளுள் முதலில் நிற்பது ஆசு. கொடுத்த பொருளைக் கொடுத்த அடியில் அப்போதே பாடுவது அதன் இலக்கணம். எனினும் காளமேகத்தை நாம் அறிவது ஏட்டின் வழியும் தனிப்பாடல் திரட்டின் வழியுமேயன்றி அவர் வாய்வழி அன்று. நிகழ்ச்சியாகப் பிறந்த ஒன்று நூலாகக் கைக்கு வரும்போது அதனை எவ்வாறு படிப்பது என்பது நம் துறையின் பழைய சிக்கல். அச்சிக்கலில் பழகிய கண்ணோடு இன்கஸின் வெளியீட்டு வரிசையை நோக்கும்போது, அத்தட்டுகளைப் படைப்புகளின் நிரலாக அல்லாமல் ஒரு தொகைநூலாகப் படிப்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது.

தோற்றம்

1960களின் பிற்பகுதியில் இக்கலைஞர்கள் பதிவே இல்லாமல் இருந்தவர்கள் அல்லர். ஜான் ஸ்டீவன்ஸ் நடத்திய ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிள் குழுவின் 'கார்யோபின்' 1968இல் ஐலண்ட் நிறுவனத்தின் வழி வெளிவந்தது. பெய்லி, பார்க்கர் இருவரும் அதில் வாசித்துள்ளனர். ஆக்ஸ்லியின் முதலிரு தட்டுகளைப் பெருநிறுவனமான சி.பி.எஸ். வெளியிட்டது. ஆனால் பெருநிறுவனத்தின் கணக்கு வேறு. எதை வெளியிடுவது, எத்தனை காலம் விற்பனையில் வைத்திருப்பது என்ற முடிவுகளில் கலைஞருக்கு இடமில்லை. விற்காத தட்டு பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதன் மூலநாடாவோ நிறுவனத்திடமே தங்கிவிடும். ஐரோப்பியப் பெருநிலத்தில் இதற்கு மாற்று ஏற்கெனவே தோன்றியிருந்தது. நெதர்லாந்தில் 1967இல் மிஷா மெங்கல்பெர்க், ஹான் பெனிங்க், வில்லெம் பிராய்க்கர் மூவரும் ஐ.சி.பி.யைத் தொடங்கியிருந்தனர், 1969இல் பெர்லினில் எஃப்.எம்.பி. உருவாயிற்று. இன்கஸ் அவ்வரிசையில் வந்தது.

முதல் வெளியீடு 'தி டோபோகிராஃபி ஆஃப் தி லங்ஸ்'. நுரையீரல்களின் நில அமைப்பு என்பது பொருள். 1970 ஜூலை 13 அன்று பார்க்கர், பெய்லி, பெனிங்க் மூவரும் வாசித்தது. பண், சுழலும் தாளம், ஒருவர் முன்செல்ல மற்றவர் பின்தொடரும் முறை ஆகிய எவையும் இதில் இல்லை. பெய்லியின் கிதார், நாண் அதிர்ந்து அடங்கும் முன்னரே அடுத்த ஒலிக்குத் தாவுகிறது. பெனிங்கின் தோற்கருவிகளும் உலோகங்களும் அந்த இடைவெளிகளை நிரப்பாமல் மேலும் உடைக்கின்றன. முதன்முறை கேட்பவருக்கு இது குழப்பமாகவே படும். இக்கட்டுரையாளருக்கும் அவ்வாறே பட்டது. பலமுறை கேட்ட பிறகு, ஒருவர் நிறுத்தும் இடத்தை மற்ற இருவரும் எவ்வளவு கூர்மையாகச் செவிமடுக்கின்றனர் என்பது புலப்படத் தொடங்கிற்று. பலமுறை கேட்டல் என்பதை அத்தட்டு மட்டுமே இயல்விக்கும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருளியல் பக்கத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. குறைந்த படிகள், தாமே செய்யும் விற்பனை, ஒரு தட்டின் வரவில் அடுத்த தட்டு: சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல. பிற்காலத்தில், கிழக்கு லண்டனின் ஹாக்னிப் பகுதியிலிருந்த பெய்லியின் வீடே பதிவகத்தின் அலுவலகமாகவும் இருந்தது.

பெய்லியின் நூலும் நம் இசையும்

பெய்லி 1930இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். நடனக்குழுக்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கூலிக்கு வாசித்துப் பிழைத்த தேர்ந்த தொழிற்கலைஞர். 1963 முதல் 1966 வரை கேவின் பிரையர்ஸ், ஆக்ஸ்லி ஆகியோருடன் ஜோசஃப் ஹோல்புரூக் என்னும் மூவர் குழுவில் வாசித்தபோது ஜாஸ் இலக்கணத்தைப் படிப்படியாகக் கழற்றி எறிந்தார். 1980இல் அவர் எழுதி வெளியிட்ட உடனியற்றல் பற்றிய நூல் 1992இல் திருத்தப் பதிப்பு கண்டது. நமக்கு அந்நூல் நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் அது இந்திய இசையிலிருந்தே தன் ஆய்வைத் தொடங்குகிறது. சித்தார் கலைஞர் விராம் ஜசானியுடனான உரையாடலே அப்பகுதியின் ஆதாரம். எனவே பேச்சு பெரும்பாலும் வட இந்திய மரபைச் சார்ந்து நிற்கிறது. ஃபிளமெங்கோ, பரோக், தேவாலய ஆர்கன், ராக், ஜாஸ் எனத் தொடர்ந்து சென்று இறுதியாகத் தம் இசைக்கு வருகிறார்.

நூலின் நடுநாயகமான பகுப்பு ஒன்று உண்டு. ஒரு மரபின் மொழிக்குள் நின்று இயற்றுவது ஒரு வகை. எம்மரபின் மொழியையும் தனக்கென ஏற்காமல் இயற்றுவது மற்றொரு வகை. இந்திய இசை முதல் வகைக்குச் சான்று. மதிப்போடுதான் சொல்கிறார், ஆயினும் இப்பகுப்பு நமக்கு முழுதும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கருநாடக இசையில் நிரவலோ கற்பனைச் சுரமோ தொடங்கும் இடத்தில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான ஒரு கீர்த்தனை ஏற்கெனவே இருக்கிறது. பாடகர் எங்கே விலகினார், எத்தனை தூரம் சென்று எடுப்புக்குத் திரும்பினார் என்பதை அவையினர் அந்த அளவுகோலால் அளக்கின்றனர். மரபு அங்கே வேலியாக மட்டும் நிற்கவில்லை, சுதந்திரத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் பின்புலமாகவும் நிற்கிறது. கட்டற்ற உடனியற்றிசையில் அத்தகைய கீர்த்தனை இல்லை. அப்படியானால் புதுமை எதனோடு ஒப்பிட்டு அறியப்படும்? உடன் வாசிப்பவர் சற்றுமுன் எழுப்பிய ஒலியோடு என்பது ஒரு விடை. அக்கலைஞர் நேற்று வாசித்ததோடு என்பது மற்றொரு விடை. நேற்று வாசித்தது எங்கே இருக்கிறது? இன்கஸ் தட்டில் இருக்கிறது.

இங்கேதான் முரண் கூர்மையடைகிறது. மரபைத் துறந்த கலைஞனுக்குத் தன் தட்டே மரபாகிவிடும் இடர் உண்டு. பார்க்கர் தனியே வாசித்து 1976இல் இன்கஸ் வெளியிட்ட 'சாக்சபோன் சோலோஸ்' இதற்குத் தக்க சான்று. அதில் அவர் கையாண்ட பல்லொலி நுட்பங்களும் விரலசைவுகளும் பின்வந்த சாக்சபோன் கலைஞர் பலருக்குப் பாடநூலாகவே ஆகிவிட்டன. மீண்டும் நிகழக் கூடாதென வாசிக்கப்பட்டது மனப்பாடம் செய்யப்பட்டது. இவ்விளைவுக்குப் பதிவகம் பொறுப்பாளி இல்லை எனச் சொல்வதற்கில்லை.

தட்டின் நீளம்

பதிவு என்பது வெறும் பாத்திரம் அன்று. உள்ளே ஊற்றுவதன் வடிவத்தை அது மாற்றிவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடமே இசை கொள்ளும். இரவு நெடுக ஒரே இராகத்தை வாசிக்க வல்லவராகப் புகழப்பட்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் ஏறியபோது அந்தச் சிறு அளவுக்கு ஒடுங்கியே ஏற வேண்டியிருந்தது. அவரை நேரில் கேளாத தலைமுறைக்கு அந்தச் சுருக்கமே தோடியின் இலக்கணம் ஆயிற்று.

இன்கஸ் காலத்தில் நெடுந்தட்டு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. எனினும் எல்லை எல்லைதான். இவ்வெல்லையோடு மிக நேர்மையாகப் போரிட்ட வெளியீடு பார்க்கரின் 'மோனோசெரோஸ்' என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1978இல் நாடாவில் பதிவு செய்யாமல் நேராகவே மூலத்தட்டில் ஒலி வெட்டப்பட்டது. வெட்டவோ ஒட்டவோ திரும்ப வாசித்துத் திருத்தவோ அம்முறையில் இடமில்லை. ஊசி இறங்கியது முதல் எழும்வரை வாசித்தாக வேண்டும். தட்டின் முதற்பக்கம் முழுதும் ஒரே மூச்சுப் போன்ற ஒரே துண்டு. மூச்சு விடாமல் ஊதும் அவ்வித்தை, நம் நாகசுர மேளத்தில் ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுத்துச் செய்வதே. ஆனால் ஒத்து ஒரு சுருதியை நிறுத்தி வைக்கப் பயன்படுத்தும் அதனைப் பார்க்கர் இரண்டு மூன்று இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடுவதுபோல் ஒலிக்கச் செய்யப் பயன்படுத்துகிறார். இங்கே ஒலிப்பதிவு முறையும் இசையின் அறமும் ஒன்றையொன்று அறிந்து நடந்துகொண்டன.

மறுமுனையில் 'இன்கஸ் டாப்ஸ்' உள்ளன. 1973இல் பெய்லி தம் தனி வாசிப்புகளைச் சிறு காந்தநாடாச் சுருள்களாக விற்றார். தட்டு அச்சிடும் ஆலையும் வேண்டியதில்லை, பேரெண்ணிக்கையும் வேண்டியதில்லை. கடிதம்போல் ஒருவருக்கு ஒன்று. 1990களில் அவை வேறொரு பதிவகத்தின் வழிக் குறுந்தகடாயின. அப்பதிவகத்தின் பெயர் 'ஆர்கன் ஆஃப் கார்ட்டி'. அதுவும் உட்செவியின் ஓர் உறுப்பின் பெயர் என்பது சுவையான பொருத்தம்.

உறையும் கொளுவும்

உடனியற்றிசையின் பதிவுகள் உள்ளீடற்றவை என்ற கருத்தை இங்கிலாந்தின் கார்னீலியஸ் கார்டியூ 1971இல் வெளியான தம் கட்டுரையில் வலியுறுத்தினார். ஏ.எம்.எம். குழுவில் தாமே வாசித்தவர் அவர். நிகழ்ந்ததன் வடிவத்தை மட்டும் நாடா காக்கும். அது நிகழ்ந்த காலத்தையும் இடத்தையும் தராது என்பது அவர் வாதம். பெய்லியும் தம் நூலில் பதிவின் போதாமையை ஐயத்தோடே பேசுகிறார். அவ்வாறு ஐயுற்றவரே முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவகம் நடத்தினார்.

கார்டியூவின் மறுப்புக்கு நம் தொகைநூல்களில் ஒரு விடை கிடைக்கிறது. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள குறிப்புகள் பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சூழல் ஆகியவற்றைத் தருகின்றன. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது 95ஆம் பாட்டு. உன் வேல்கள் மாலையும் நெய்யும் பூண்டு காவலுள்ள மனையில் பொலிகின்றன. எம் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. சூழலை நீக்கிப் படித்தால் அது தொண்டைமானுக்குப் புகழாகவே நிற்கும்; குறிப்பைச் சேர்த்துப் படித்தால் தூதின் கூர்மை வெளிப்படும். அக்குறிப்புகள் பிற்காலத்தவை, நம்பத்தகாதவை எனக் கருதுவார் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், நிகழ்ச்சியின் காலமும் இடமும் பாட்டின் பொருளில் பங்குடையவை என்பதைத் தொகுத்தோர் உணர்ந்திருந்தனர் என்பது உறுதி.

இன்கஸ் தட்டின் உறையும் இப்பணியையே செய்கிறது. யார் வாசித்தார், எந்தக் கருவி, எந்த நாள், எந்த ஊர். பொருள் விளக்கம் பெரும்பாலும் இல்லை. பாடப்பட்டோரும் உண்டு: முதல் தட்டின் ஒரு துண்டு 'பீட்டர் பி., பீட்டர் கே.' என்னும் இருவருக்கு உரியதாகத் தலைப்பிடப்பட்டுள்ளது; அவ்வட்டத்தாருக்கு அவர்கள் யாரென விளங்கும். 1980இல் பாரிஸிலும் லண்டனிலும் பதிவான பெய்லியின் தனித்தட்டு 'ஐடா' என்னும் பெயருடையது. பெயரை மட்டும் காண்பவர் வெர்டியின் இசைநாடகத்தை நினைப்பர். அது ஜப்பானில் இவ்விசைக்குத் துணைநின்று மறைந்த விமரிசகர் ஐடாவின் நினைவைச் சுட்டும் பெயர். குறிப்பை அறிந்தவுடன் ஒரு கிதார்த் தட்டு கையறுநிலைத் துறைக்கு வந்துவிடுகிறது. ஒலி மாறவில்லை, கேட்கும் செவி மாறுகிறது.

ஆசுகவிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காளமேகத்தின் வெண்பாவை யாப்பு தாங்கிக் காத்தது. ஏடு இல்லாவிடினும் நான்கு பேர் நினைவில் அது நின்றிருக்கும். பெய்லியின் வாசிப்புக்கு யாப்பு இல்லை. நாடா இல்லையேல் 'அன்று ஏதோ வாசித்தார்' என்பதற்குமேல் சான்று இராது. மரபைத் துறந்த இசை, மரபு செய்துவந்த நினைவுக் காவலையும் சேர்த்தே துறந்துவிட்டது; அதனால் பொறியின் காவலை அது நாட வேண்டியதாயிற்று. இன்கஸ் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வணிக உரிமையைக் காட்டிலும் இதுவே அடிப்படையான காரணம் எனலாம்.

1976இல் பெய்லி தொடங்கிய 'கம்பெனி' என்னும் ஏற்பாடு இத்தொகை நோக்குக்கு மேலும் அரண் செய்கிறது. நிலையான குழுவை அமைக்காமல், முன்பின் சேர்ந்து வாசித்திராத பலரை அழைத்துச் சில நாள்கள் மாறி மாறி வாசிக்க வைப்பது அது. 1977 முதல் 1994 வரை 'கம்பெனி வாரம்' என்னும் பெயரில் இக்கூடுகை நடந்துவந்தது. தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையையும் புதிதாய் வந்தவரையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியர் அதனை எண்வகை வனப்பினுள் ஒன்றாகவும் வைத்தார். 'கம்பெனி' தட்டுகள் ஒன்றுக்கொன்று தரத்தில் வேறுபடுகின்றன; சில இடங்களில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கும் மரியாதையே மிஞ்சி, இசை எழவில்லை. அத்தகைய இடங்களையும் பதிவகம் வெளியிட்டது. கைவந்ததை மட்டும் தேர்ந்து வெளியிட்டிருப்பின் அவை படைப்புகளாக இருந்திருக்கும். சந்திப்புகளின் சான்றாக இருந்திரா.

தொகையில் விடுபட்டவை

எத்தொகையும் விடுத்தவற்றாலும் அறியப்படும். 1970களின் இன்கஸ் உறைகளில் பெண் பெயரைத் தேடினால் அரிதாகவே அகப்படும். எம்மரபுக்கும் கட்டுப்படாத இசை என்று கூறிக்கொண்ட வட்டம், மேடையில் யார் நிற்பது என்ற மரபை மட்டும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. 1977இல் லண்டனில் மேகி நிக்கோல்ஸ், லிண்ட்சே கூப்பர் முதலியோர் பெண்ணிய உடனியற்றிசைக் குழு ஒன்றைத் தனியே அமைக்க நேர்ந்ததை இதனோடு வைத்துக் காண வேண்டும். 1982ஆம் ஆண்டுக் 'கம்பெனி' கூடுகையின் பதிவான 'எபிஃபனி'யில் பியானோ கலைஞர் அர்சுலா ஆப்பன்ஸ், யாழ்க் கலைஞர் ஆன் லபேரன், பாடகி ஜூலி டிப்பெட்ஸ் ஆகியோர் இடம்பெற்றுள்ளனர். ஒலியின் பரப்பு அதில் விரிந்திருப்பதைச் செவி உடனே உணர்கிறது. காலம் தாழ்ந்த விரிவு.

மற்றொரு விடுபாடு பதிவகத்துக்கு உள்ளேயே நேர்ந்தது. ஆக்ஸ்லி முன்னரே விலகிவிட்டார். 1980களின் நடுவில் பெய்லியும் பார்க்கரும் பிரிந்தனர். அதன்பின் கேரன் புரூக்மனுடன் பெய்லி இன்கஸை நடத்தினார். பிரிவின் காரணங்களை ஊகிப்பது ஆய்வாளர் வேலையன்று. ஆனால் பதிவகத்தின் முதல் தட்டே நெடுங்காலம் மறுபதிப்பின்றிக் கிடந்தது என்பது ஆய்வுக்குரிய செய்தி. பெருநிறுவனங்கள் தட்டுகளை விற்பனையிலிருந்து நீக்கிவிடும் என அஞ்சித் தொடங்கப்பட்ட பதிவகத்தில், கலைஞர் கையில் உரிமை இருந்தும் முதல் தட்டு கிடைக்காமற் போயிற்று. உரிமை கைமாறினால் மட்டும் இசை கேட்பாரைச் சென்றடைந்துவிடாது. உரியவர் இருவராயின் இரண்டு மனங்கள் ஒப்ப வேண்டும். பெய்லி 2005 டிசம்பர் 25 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டு பார்க்கர் தம் 'சை' பதிவகத்தின் வழி அத்தட்டைக் குறுந்தகடாக வெளியிட்டார். முன்பு வெளிவராத பகுதிகளும் அதில் சேர்ந்தன.

மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு வெளிவந்த பெய்லியின் 'கார்பல் டனல்' இன்கஸ் வெளியீடு அன்று. நியூயார்க்கில் ஜான் ஸோர்ன் நடத்தும் ட்ஸாடிக்கின் வெளியீடு. ஆயினும் இன்கஸ் கற்றுத்தந்த முறையின் முதிர்ச்சியை அதில்தான் காண்கிறோம். வலக்கை நலிந்து, நாண் மீட்டும் துண்டைப் பிடிக்க இயலாத நிலையில் அவர் பெருவிரலால் வாசிக்கப் பழகினார். மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்று தொடக்கத்தில் கருதப்பட்ட அந்நலிவு இயக்க நரம்பணு நோயெனப் பின்னர் தெரியவந்தது. முதல் துண்டில் பேசியபடியே வாசித்துத் தம் கையின் நிலையை விளக்குகிறார். எஞ்சிய ஐந்தின் தலைப்புகளும் கால அளவுகள் மட்டுமே: மூன்று வாரத்துக்குப் பின், ஐந்து வாரத்துக்குப் பின், ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. பாட்டின் கீழே நிற்க வேண்டிய குறிப்பு இங்கே பாட்டின் பெயராகவே ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வாரத்துத் துண்டில் ஒலிகளுக்கிடையே இடைவெளி நீள்கிறது. ஒவ்வொரு நாணும் தனித்தனியே, முழுதாக அதிர்ந்து அடங்கும்வரை கேட்கிறது.